மடத்துத் தூணில் கரி

ஜனவரி மாதத்து மழைப்பனி முடிவெடுக்கத் தெரியாத சாமான். மழையாகவும் பெய்யாது, பனியாகவும் நிற்காது. முற்றத்துக் கல்லில் விழுந்து, ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்துக் கண்ணாடியாய் உறையும். அதன்மேல் உப்புத் தூவுவது மகேந்திரராஜாவின் வேலை. காலை ஆறரைக்கு ஒரு தரம், கந்தோரில் வேலை செய்கிற சனம் வரமுன் எட்டு மணிக்கு இன்னொரு தரம். இடது கையில் வாளி, வலது கையில் கோப்பை. வயலில் விதைக்கிறவன் மாதிரி வீசிக்கொண்டு போவார். இருபத்து மூன்று வருடமாக விதைக்கிறார், இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. ஆனால் ஒருவரும் வழுக்கி விழவுமில்லை. அதுதான் விளைச்சல் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்.

நகரசபையில் அவருக்குப் பெயர் ஹேர் ராஜா, அதாவது திருவாளர் ராஜா. முழுப் பெயரையும் சொல்லத் துணிந்த முதல் கிளாக்கர் நடுவழியில் களைத்து, பின்பக்கத்தால் வந்து வாலைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஹால்டன்பெர்க் நகரசபையின் சம்பளப் பட்டியலில் இருக்கிற ஒரேயொரு ராஜா அவர்தான். கக்கூசு கழுவுகிறவரும் அவர்தான்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆற்றோரமாக ரெயினில் முக்கால் மணி நேரம் போனால் ஹால்டன்பெர்க். அங்கே சந்தைக்குப் பின்னால் கல்லும் மரச்சட்டமுமாக நாலு மாடி உயரத்தில் நிற்கிற கட்டடத்துக்கு ஊரார் சொல்லும் பெயர் சாமியார் வளவு. எண்பத்தைந்தில் அகதிகளாக வந்திறங்கிய யாழ்ப்பாணத்துச் சனம் அதைச் சுருக்கி மடம் என்றது. சாமியார்கள் என்றதும் கண்மூடித் தவமிருந்தவர்கள் என்று நினைக்கவேண்டாம். அவர்களுடைய பெரிய மடம் மலைக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருந்தது. இது அவர்களின் பட்டினத்து வீடு. சுற்றுவட்டாரக் குடியானவன் தன் வைனில் பத்திலொரு பங்கை இங்கே கொண்டுவந்து கொட்டவேண்டும். அதை அளந்து வாங்கி நிலவறையில் அடுக்குவதற்கு நாலு துறவிகள் இருந்தார்கள். தவம் அங்கே, தண்டல் இங்கே.

பிறகு மதம் மாறிய கோமகன் ஒருவன் வந்து சாமியார்களைத் துரத்திவிட்டான். தண்டலைத் துரத்தவில்லை. கட்டடம் தானியக் களஞ்சியமாயிற்று. அதற்குப் பிறகு பிச்சைக்காரரைப் பிடித்து அடைக்கும் மறியல், குதிரை லாயம், உள்ளாடை பின்னும் ஆலை. நகரசபை அச்சடித்த கையேட்டில் 1933 முதல் 1945 வரை என்ற இடத்தில் "பலவகைப் பயன்பாடு" என்று மாத்திரம் இருந்தது. அந்தப் பலவகையில் எந்த வகை என்று கேட்கத்தக்க வயதுள்ளவர்கள் ஊரில் குறைந்துவிட்டார்கள். போர் முடிந்ததும் கிழக்கிலிருந்து ஓடிவந்த ஜேர்மன் அகதிகள் இருந்தார்கள். அப்புறம் தையல் பள்ளிக்கூடம். 1985 முதல் 1996 வரை "சமூகப் பயன்பாடு". அந்தச் சமூகப் பயன்பாட்டில் ஒருவர் மகேந்திரராஜா, இன்னொருவர் அவர் மனைவி யோகம்.

இப்போது கீழே வைன் அருந்தகம், முதல் மாடியில் கலியாணப் பதிவு மண்டபம், அதற்கு மேலே பழைய கடதாசிகள். கூரைக்குக் கீழே இரண்டு அறையும் ஒரு குசினியும், காவல்காரரின் வீடு. அந்த வீட்டின் படுக்கையறைதான் ஒரு காலத்தில் மூன்று குடும்பங்கள் கட்டில் விரிப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆளுக்கொரு மூலையில் குடியிருந்த அறை. அகதியாய் வந்து படுத்த அறைக்கே அரசாங்க வேலைக்காரராய்த் திரும்பி வந்து படுத்திருந்தார்கள். உலகம் இவ்வளவு பெரிதாயிருந்தும் விதி ஒரு சோம்பேறி, புது இடம் தேட அதற்குப் பஞ்சி.

அந்த வீட்டுக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. சனிக்கிழமை தாளிப்பு இல்லை. கீழே வெள்ளை உடுப்போடு மணப்பெண் நிற்கும்போது மேலிருந்து செத்தல் மிளகாய் மணம் இறங்கி, பதிவாளர் இருமி, பெண் இருமி, மாப்பிள்ளை "ஓம்" என்று சொல்லவேண்டிய இடத்தில் தும்மிய ஒரு வழக்கு நகரசபைவரை போயிருந்தது. அதனால் சனிக்கிழமைகளில் புட்டும் முதல்நாள் மீன்குழம்பும். யோகம் அதை விரதம் மாதிரிப் பிடித்தாள்.

ஒக்டோபரில் கடிதம் வந்தது. கட்டடத்தை அறுபது வருடக் குத்தகைக்கு ஒரு ஹோட்டல்காரருக்குக் கொடுக்க நகரசபை தீர்மானித்திருக்கிறதாம். ஜூன் முடிவுக்குள் ஹேர் ராஜா வீட்டை ஒப்படைக்கவேண்டும். வேறு கட்டடத்தில் வேலை தொடரும், வீடு தொடராது. ஒரு கிழமைக்குப் பிறகு கட்டடக் கலைஞர் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் படுக்கையறைக்குள் நடந்து, கட்டிலின்மேல் சிவப்பு வெளிச்சக் கோடு ஒன்றைப் போட்டு, இந்த இடத்தில் குளியல் தொட்டி வரும் என்றார். அறைக்குப் பெயரும் வைத்திருந்தார்: மடாதிபதி அறை. இந்தக் கட்டடத்தில் எந்த மடாதிபதியும் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை என்பது கையேட்டிலேயே இருந்தது. ஆனால் வைன் கணக்குப் பார்த்த சாமியார் அறை என்றால் ஆர் காசு கொடுத்துப் படுப்பான்?

அறுபத்து நாலு வயதில் வீடு தேடுவது பெண் பார்க்கப் போவதைவிட மோசம். இங்கே வீட்டுக்காரர்தான் இவர்களைப் பார்த்தார்கள். ஒரு வீட்டுக்கு எழுபது பேர் படிக்கட்டில் வரிசையாய் நின்றார்கள். இன்னொரு வீட்டுக்காரி மிகவும் அன்பாக, நீங்கள் நிறையச் சமைப்பீர்களா என்று கேட்டாள். சமைக்காமல் உயிர் வாழும் சாதி ஏதும் இருக்கிறதா என்று கேட்க ராஜாவின் நாக்குத் துடித்தது; யோகம் காலை மிதித்தாள். யோகத்துக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. முப்பது வருடம் வயோதிபர் இல்லத்தில் அடுத்தவர்களைத் தூக்கி நிமிர்த்திய கால்கள். இனி அவளைத் தூக்க ஆளில்லை.

மகள் ஆரணி ஹம்பேர்க்கில் இருந்து, இங்கே வந்திருங்கோ, அறை சும்மாதான் கிடக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நத்தார் பண்டிகைக்குப் போனார்கள். சும்மா கிடந்த அறையில் நின்ற இடத்திலேயே ஓடுகிற இயந்திரம் ஒன்றும் மருமகனின் நாலு கிற்றாரும் இருந்தன. ஒன்பது நாளும் இருவரும் நுனிக்காலில் நடந்தார்கள். ஆறாம் நாள் யோகம் ஒரு வெங்காயம் வதக்க மகளிடம் அனுமதி கேட்டாள். திரும்பி வரும் ரெயினில், "பிள்ளையின்ரை வீட்டிலை விருந்தாளியாச் சாகேலாதப்பா" என்றாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் கூரை ஒழுகியது.

படுக்கையறையின் மேற்குச் சுவர் ஈரம் குடித்து வீங்கியது. அதை மூடியிருந்த சுண்ணாம்புப் பலகையைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். அந்தப் பலகை அகதிகளை அனுப்பிய பிறகு, ராஜா வேலைக்கு வருவதற்கு முதல், நகரசபை அடித்தது. கழற்றினால் உள்ளே ஆறு நூற்றாண்டு வயதான ஓக் மரத் தூண். அதன் நெஞ்சளவிலும் தலையளவிலும் கண்ணீர்த் துளி வடிவில் கரிய தழும்புகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, கீழே பருத்து மேலே கூராகி. வேலையாட்கள் கையை எடுத்துவிட்டு ரெலிபோன் செய்தார்கள். மூன்றாம் நாள் புராதனக் கட்டடப் பாதுகாப்புக் கந்தோரிலிருந்து டொக்டர் ஃபோக்ட் என்ற பெண்மணி, முழங்காலில் தோல் தைத்த காற்சட்டையும் நெற்றியில் விளக்குமாக வந்தார்.

அவர் விளக்கைத் தூணின் பக்கவாட்டில் பிடித்து, மூலை அலுமாரிக்குப் பின்னால் அடிவரைக்கும் பார்த்துவிட்டு மூச்சை உள்ளே இழுத்தார். இடிக்கும் தீக்கும் கொள்ளைநோய்க்கும் பயந்த காலத்தில், துறவிகள் எரியும் திரியை மரத்தில் வேண்டுமென்றே பிடித்துச் சுட்டு வைக்கிற வழக்கம் உண்டாம். நெருப்பை நெருப்பால் தடுக்கிற நம்பிக்கை. அங்கங்கே ஒன்றிரண்டு காணக் கிடைக்கும். ஒரே தூணில் முப்பத்தொன்று என்பது அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

வாசலில் நின்ற யோகம் அந்தத் தழும்புகளைப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டொக்டர் போனதும் ராஜா போய்ப் பார்த்தார். அழுகிறாள் என்று நினைத்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, அது என்ரை கற்பூரம்."

அவருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் அகதி இல்லத்தில் நெருப்புக்குத் தடை. வந்த இரண்டாம் நாளே பொறுப்பாளர் யோகத்தின் குத்துவிளக்கை வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்து, அலுமாரியில் பூட்டிவிட்டார். ஆனால் லண்டனில் இருந்த பெரியம்மா அனுப்பும் பார்சலில் மிளகாய்த்தூளுக்கு நடுவே கற்பூரக்கட்டி வரும். அறையில் மாறி மாறி வந்து தங்கிய எவருக்காவது அகதி விசாரணை என்று கடிதம் வந்தால், போகிற காலையில் யோகம் தூணோடு ஒட்டிய குறுக்குச் சட்டத்தில் ஒரு கட்டியை வைத்துக் கொளுத்துவாள். புகை மணி அடிக்கமுன் எரிந்து முடியும் சின்னக் கட்டி. சுவாலை தூணை ஒருமுறை நக்கிவிட்டு அணையும். ராஜா அப்போது கட்டிலில் சாய்ந்தபடி, ஜேர்மன் சட்டம் கற்பூரத்துக்கு வளையாது என்பார். ஊரில் இருக்கும்போதே கோயில் வாசலோடு நின்றுவிடுகிற ஆள். சாமி கும்பிடாதது அவருடைய ஒரேயொரு சொத்தாக இருந்தது; சுங்கத்தில் அதை மட்டுந்தான் பறிக்கவில்லை.

"சிரிச்சது காணும்," என்றார். "வாயைத் திறக்காதேயும்."

"ஏன்?"

ஏன் என்பதை டொக்டர் படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். நடுக்காலத்துத் தழும்பு உள்ள தூணில் ஆணி அடிக்கவும் ஏலாது, அந்தச் சுவரில் தண்ணீர்க்குழாய் போடவும் ஏலாது. தொட்டி இல்லாமல் மடாதிபதி அறை இல்லை. மேல்மாடி இல்லாமல் ஹோட்டல்காரருக்குக் கணக்குச் சரிவராது. இப்போது இருக்கிறபடியே ஆட்கள் அமைதியாகக் குடியிருப்பதுதான் அறைக்கு உத்தமம் என்று கந்தோர் எழுதும். ராஜா இதை இரண்டு தரம் விளங்கப்படுத்தினார்.

யோகம் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினாள். பாஸ்கரனுக்கு மட்டும் சொல்லட்டோ என்று கேட்டாள். பாஸ்கரன் அவர்களோடு அதே அறையில் இருந்தவர்; இப்போது ஸ்டுட்கார்ட்டில் மளிகைக்கடையும் மூன்று சங்கங்களின் தலைவர் பதவியும் வைத்திருந்தார்.

"பாஸ்கரனுக்குச் சொன்னாப் பேப்பருக்குச் சொன்ன மாதிரி. பேப்பரெண்டாலும் ஒரு நாள் பிந்தும். அவன் நாளைக்கே இதை ஐரோப்பாவின்ரை முதல் சைவக்கோயில் எண்டு சொல்லிப் பொன்னாடையோடை வந்து நிப்பான்."

அவள் அதற்குச் சிரித்தாள். அன்றைக்கு அத்தோடு முடிந்தது.

பெப்ரவரியில் மேயர் வந்தார். பத்திரிகைக்காரர் இருவரும் படம் பிடிப்பவர் ஒருவரும் கூட வந்தார்கள். நடுக்காலத்துத் தூணுக்கு முன்னால் கட்டில் நிற்பது அழகில்லை என்று, முதல் நாளே ராஜா கட்டிலைக் கழற்றிப் பலகை பலகையாக நடைபாதையில் சாத்தினார். மூலை அலுமாரியையும் தள்ளினார். மெத்தை குசினியில். படுக்கையறையின் சொந்தக்காரர்கள் கதவுக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்தார்கள். ஹோட்டலுக்காக ஒக்டோபரில் எந்தக் குரலில் பேசினாரோ அதே குரலில் மேயர் தூணுக்காகப் பேசினார். முப்பத்தொன்று என்பது மாதத்தின் நாட்கள் என்றார். மௌனம் என்றார். ஆண்கள் மட்டுமே வாழ்ந்து, இருநூறு வருடம் ஒரு பெண்ணின் காலடிகூடப் படாத இந்தத் தூய அறை என்றார். யோகம் தன் காலைக் குனிந்து பார்த்தாள். வீக்கத்துக்குப் போட்ட காலுறையும் வீட்டுச் செருப்புமாக அது பேசாமல் நின்றது.

கட்டிலை மீண்டும் பூட்டவேண்டாம், இன்னும் ஆட்கள் பார்க்க வருவார்கள் என்று கந்தோரிலிருந்து சொன்னார்கள். அதனால் இருவரும் குசினியில் மெத்தையைப் போட்டுப் படுத்தார்கள். வீடு மிஞ்சும் என்றால் படுக்கை போனால் என்ன என்று ராஜா நினைத்தார். விடிய எழும்பும்போது இடுப்பு வேறு மாதிரி நினைத்தது.

மார்ச் முதல் கிழமை புதிய கையேடு வந்தது. ஐந்நூறு பிரதிகள், நாலு பெட்டி. நாலையும் ராஜா தோளில் ஏற்றி முதல் மாடி மண்டபத்தில் அடுக்கிவிட்டு, ஒன்றை மேலே கொண்டுபோனார். பளபளப்புத் தாள், அட்டையில் தூண். யோகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஏழாம் பக்கத்தில் ஒரேயொரு தழும்பைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். தலையளவில், மற்றவற்றிலிருந்து விலகி, மரக்கணு ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. கீழே எழுதியிருந்தது: "நோய் நீங்கிய துறவி ஒருவரின் நன்றிக் காணிக்கையாக இருக்கலாம்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. ராஜா எழும்பி நிறுத்தினார்.

"இது தம்பியின்ரையப்பா."

கணநாதன் அவளுடைய ஒரே தம்பி. இருபத்தொரு வயதில் அக்காவைத் தேடி இந்த மடத்துக்கு வந்தான். விசாரணையில் அவன் சொன்னது ஒன்றும் முன்னுக்குப் பின் பொருந்தவில்லை என்று எழுதித் திருப்பியனுப்பினார்கள். கொழும்பு விமானநிலையம்வரை போனதற்குக் கடதாசி இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை. அவன் விசாரணைக்குப் போன காலையில், எல்லாருக்கும் வைக்கிற இடத்தில் வைக்காமல், கணுவுக்குப் பக்கத்தில் உயரமாக, கட்டியைக் கரண்டியில் அவனையே தூக்கிப் பிடிக்கச் சொல்லி வைத்தது.

ராஜா ஜூன் மாதத்தைப் பற்றிச் சொன்னார். எழுபது பேர் நின்ற படிக்கட்டைப் பற்றிச் சொன்னார். கரி என்ன பெயரில் இருந்தாலும் கரிதான் என்றார். அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள்.

"மிச்சம் எல்லாத்தையும் சாமியார்மார் எடுக்கட்டும். கலாதேவியின்ரையை, ரஞ்சினியின்ரையை, பாஸ்கரனுக்கு ரெண்டு தரம் வைச்சதை, எல்லாத்தையும் குடுக்கிறன். அவன்ரையைக் குடுக்கேலாது. அவனுக்கு நடுகல்லும் இல்லை, திவசத்துக்குத் திகதியும் இல்லை. அது ஒண்டுதான் கிடக்கு. அதிலையும் வருத்தம் மாறின சந்தோசமெண்டு எழுதியிருக்கிறாங்கள்."

"சொன்னா வீடு போயிடும், யோகம்."

"தெரியும்."

அன்றைக்கு அந்தப் பருப்பை அடிப்பிடித்த மணத்தோடு சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ராஜா மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலியில் அடைந்திருந்த இலையை வாரிக்கொண்டிருந்தார். போன வருடத்து இலை கறுத்து, களியாகி, வாளிக்குள் விழும்போது தவளை குதிக்கிற சத்தம் போட்டது. கீழே டொக்டர் ஃபோக்டின் சின்னக் கார் வந்து நின்றதைக் கண்டார். யோகம் விடியவே ரெலிபோன் செய்தது அவருக்குக் கேட்டிருந்தது. இறங்கிப் போயிருக்கலாம். இரண்டு மீற்றர் பீலி மிச்சமிருந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அந்த இரண்டு மீற்றரையும் வேறெந்த வருடமும் வாராத சுத்தமாக வாரினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு மேலே போனபோது, யோகம் தூணுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். டொக்டர் நிலத்தில் சம்மணமிட்டு, மடியில் குறிப்புப் புத்தகத்தோடு. புத்தகம் மூடியிருந்தது.

யோகத்தின் ஜேர்மன் வயோதிபர் இல்லத்தில் கற்றது. மருந்து, படுக்கை, வலி, நல்லது என்பவற்றுக்கு அதில் சொற்கள் உண்டு. இலக்கணம் சம்பளத்தில் சேராது. அந்த மொழியில்தான் அவள் ஒவ்வொரு தழும்பையும் தொடாமல் விரலால் காட்டிக்கொண்டு போனாள். இது கலாதேவி, இரண்டு பிள்ளை, கிடைத்தது. இது ரஞ்சினி, கிடைக்கவில்லை, கனடா. இது பாஸ்கரன். இதுவும் பாஸ்கரன். இது என்னுடையது. இது என் மனிசன், நம்பிக்கை இல்லை, ஆனாலும் வைத்தேன், கிடைத்தது. கணுவுக்குப் பக்கத்தில் வந்தபோது விரல் நின்றது. "இது தம்பி," என்றாள். மருந்து, படுக்கை, வலி, நல்லது ஆகிய எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தவில்லை.

டொக்டர் ஃபோக்ட் தன் தொழிலில் கெட்டிக்காரர். பொய்க்கு ஒழுங்கு இருக்கும், இதில் ஒழுங்கில்லை என்பது அவருக்கு விளங்கியது. முகம் வெளிறி, பிறகு சிவந்தது. ஸ்டுட்கார்ட்டில் இதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார், கைதட்டியிருந்தார்கள்.

"ஃபிராவ் ராஜா," என்றார். "நான் இதை எழுதினால் தூணுக்குப் பாதுகாப்பு இல்லை. நாற்பது வருடத்துக் கரிக்காக ஒரு ஹோட்டலை நிறுத்த என்னால் முடியாது. உங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியும்," என்றாள் யோகம். "எழுதுங்கோ."

எழுதுங்கோ என்பதைத் தமிழில்தான் சொன்னாள். டொக்டருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. வாசலில் நின்ற ராஜாவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். ஹம்பேர்க் அறையில் இயந்திரத்தை எந்தப் பக்கம் தள்ளலாம் என்று மனம் தன்பாட்டில் அளக்கத் தொடங்கியது.

டொக்டர் எண்ணிப் பார்த்தார். எண்ணுவது அவருடைய பழக்கம். யோகம் பெயர் சொன்னது முப்பது. அவர் நெற்றி விளக்கைக் கொளுத்தி, நாலு காலில் தவழ்ந்து, அலுமாரி நின்ற மூலைப்பக்கமாகத் தூணின் அடிக்கு வெளிச்சத்தைப் பிடித்தார். நிலத்தோடு கிடந்த அடிச்சட்டத்துக்குச் சற்று மேலே, கணுக்கால் உயரத்தில், தனியாக ஒன்று. மற்றவற்றைவிடப் பெரியது, காற்றில் சரிந்தது, மரத்தை ஆழமாகத் தின்றது. அதைப்பற்றித் தன் கட்டுரையில் ஒரு பந்தி எழுதியிருந்தார்: மண்டியிட்டுத் தொழுத நிலை.

"இது யாருக்கு?"

யோகம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் விட்ட மட்டும் குனிந்தாள். பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"இது என்ரை இல்லை," என்றாள். பிறகு அதை ஜேர்மனிலும் சொன்னாள். அவ்வளவு கீழே அவள் ஒருநாளும் வைத்ததில்லை. காலடியில் கற்பூரம் வைக்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. வேறு ஒருவரும் அந்த அறையில் வைத்ததுமில்லை. கட்டி அவளிடம்தான் இருந்தது.

டொக்டர் நிலத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டார். அந்தக் கோலத்திலேயே பேசினார். அப்படியென்றால் ஒன்று இருக்கிறது. ஒன்று இருந்தால் போதும். ஒரு துறவி, ஒரு திரி, ஒரு தூண். சட்டத்துக்கு முப்பத்தொன்றும் ஒன்றும் ஒன்றுதான். மற்ற முப்பதையும் நடந்தது நடந்தபடி எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் பெயரோடு, தம்பியின் பெயரோடும். அவருடைய குரலில் ஒரு சிறுபிள்ளை எழும்பி நின்றது.

ராஜா அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்பத்தேழு ஒக்டோபர். யோகத்துக்கு ஏழாம் மாதம். விடியப்புறம் இரத்தம் கண்டு அம்புலன்சில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அவரை நிற்கவைத்து மூன்று வசனம் சொன்னார். அதில் "அல்லது" என்ற ஒரு சொல்தான் அவருக்கு விளங்கியது. சமூகநலக் கந்தோரின் மருத்துவக் கடதாசி இல்லாமல் ஒன்றும் நடக்காதென்று, அதை எடுத்துவர மடத்துக்கு ஓடி வந்தார். மத்தியானம். சாப்பாட்டுப் பார்சல் வாங்க எல்லாரும் கீழே போயிருந்தார்கள். தொங்கவிட்ட விரிப்புக்குப் பின்னால் கலாதேவியின் மாமியார் மட்டும் இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலை தெரியாதபடி குந்தினார். யோகம் கற்பூரம் ஒளித்து வைத்திருந்த பால்மாப் பேணியிலிருந்து கட்டியை எடுத்து, ஒன்று போதுமா என்று தெரியாமல் கிடந்த மூன்றையும் அடிச்சட்டத்தில் குவித்தார். இரண்டு குச்சி உடைந்தது. எந்தச் சாமி என்று நினைக்கவில்லை. விலாசம் எழுதாத கடிதம். அணைந்ததும் கரியைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு, கடதாசியை எடுத்துக்கொண்டு ஓடினார். மூன்றாம் நாள் ஆரணி பிறந்தாள், ஒன்றரைக் கிலோ. மூன்று கிழமை கழித்துத் தாயும் பிள்ளையும் வந்தபோது பொறுப்பாளர் கீழ்மாடியில் வேறு அறை கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டு விட்டு, நடக்காதது மாதிரியே ஆகிவிட்டது.

இப்போது சொல்லலாம். மனிசி உண்மையைச் சொல்லி வீட்டைக் கொடுக்கத் துணிந்துவிட்டாள். புருசன் பின்னால் நிற்பது அழகில்லைத்தான். வாயைத் திறந்தார்.

"ஹேர் ராஜா?" என்றார் டொக்டர், நிலத்தில் இருந்தபடி. "உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா?"

யோகம் திரும்பிப் பார்த்தாள். ஹம்பேர்க் ரெயினில் இருந்து இறங்கிய நாளிலிருந்து அவள் முகத்தில் இல்லாத ஒரு நிம்மதி இப்போது இருந்தது.

"இல்லை," என்றார். "எனக்கு உந்தச் சாமி விசயம் ஒண்டும் தெரியாது."

அதைத் தமிழில் சொல்லிவிட்டதை உணர்ந்து, ஜேர்மனிலும் சொன்னார்.

ஈஸ்டருக்கு முன் எல்லாம் ஒழுங்காயிற்று. ஹோட்டல்காரர் வேறு ஊரில் ஒரு பழைய வைத்தியசாலையைக் கண்டுபிடித்தார். மேயர் அதே குரலில் மூன்றாம் தரம் பேசினார்: ஒரு துறவியும் முப்பது அகதிகளும், ஒரே தூணில் ஒரே நம்பிக்கை, ஹால்டன்பெர்க்கின் விருந்தோம்பல். விளக்கைப் பூட்டி வைத்த அலுமாரியைப் பற்றி அதில் ஒன்றும் வரவில்லை. பழைய கையேடு ஐந்நூறையும் ராஜா கடதாசித் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினார். ஏற்றின தோளாலேயே இறக்கினார். புதியதன் ஏழாம் பக்கத்தில் கணநாதனின் பெயரும் அவன் பிறந்த வருடமும் ஒரு கோடும் இருந்தன. கோட்டுக்குப் பிறகு வெறும் இடம். யோகம் அந்தப் பக்கத்தைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அன்று பின்னேரம் கட்டிலைத் திரும்பப் பூட்டினார்கள். அவள் பலகையைப் பிடிக்க, அவர் குந்தியிருந்து திருகாணியை முறுக்கினார். கண்ணுக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில், அந்தத் தழும்பு. கந்தோர் அதற்கு மேல் சின்னக் கண்ணாடித் தகடு ஒன்று பொருத்தியிருந்தது.

"பாவம் அந்தச் சாமியார்," என்றாள் யோகம் மேலிருந்து. "இவ்வளவு கீழை குனிஞ்சு ஆருக்கு வைச்சாரோ."

"சாமியாருக்கு ஆர் இருக்கினம்."

"ஆரும் இல்லாமல் இவ்வளவு ஆழமா எரியாதப்பா. ஆரோ ஒராளுக்குத்தான். கேட்டது நடந்துதோ தெரியாது."

ராஜா திருகாணியை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். அது ஏற்கெனவே இறுகியிருந்தது.

"நடந்திருக்கும்," என்றார். "மற்றப் பக்கத்தைப் பிடியும்."